கல்லூரி மாணவர்களுக்கு ஒரே ஒரு நாவல் என்றால் எது?

ஜூன் 7

வந்த கேள்வி இதுதான்: "கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் பதினைந்து பேர் சேர்ந்து வாசிப்பு வட்டம் ஆரம்பிக்கிறார்கள். பாதிப் பேர் இதுவரை ஒரு இலக்கிய நாவல்கூடப் படித்ததில்லை. யோசிக்க வைக்கிற நாவல் ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. பட்டியல் வேண்டாம், பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது."

ஜூன் 7, இரவு

அந்நியன். ஆல்பெர் காம்யு எழுதியது, பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வெ. ஸ்ரீராம்.

அவசரப்பட்டுச் சொல்லவில்லை. எட்டு வருஷமாகக் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாவல் படிக்கிறேன். நான் பாடம் எடுப்பது கணிதம், எங்கள் வட்டத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது, சனிக்கிழமை மதியம் காலியாகக் கிடக்கிற ஒரு வகுப்பறைதான் இடம். இதுவரை பதினொரு நாவல் கொடுத்துப் பார்த்தாயிற்று. படித்து முடித்தவர்கள் எண்ணிக்கையிலும் சரி, முடித்த பிறகு மணி ஐந்தாகியும் எழுந்து போகாமல் பேசியதிலும் சரி, இதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வரவில்லை. காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 8

முதல் காரணம் சாதாரணமானது. நாவல் சின்னது. இரண்டு பாகம், முதல் பாகத்தில் 6 அத்தியாயம், இரண்டாவதில் 5. வாரம் ஒன்று என்று வைத்தாலும் ஒரு செமஸ்டருக்குள் முடிந்துவிடும், தேர்வு வந்தாலும் ஒன்றிரண்டு வாரம் கைவசம் இருக்கும்.

நான் முதல் வருஷம் கொடுத்தது அறுநூறு பக்கத்துக்கு மேல் போகிற ஒரு நாவல். பெயர் வேண்டாம், நல்ல நாவல், இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. அதைக் கொடுத்ததன் உள்ளே ஒரு பிடிவாதம் இருந்தது, "நான் இருபது வயதில் இதைப் படித்தேன், நீங்களும் படியுங்கள்" என்கிற பிடிவாதம். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் முடித்தார்கள். மற்றவர்கள் நூறாவது பக்கத்தில் நின்று போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, கூட்டத்துக்கே வருவதை நிறுத்திவிட்டார்கள், படிக்காமல் வந்து உட்கார வெட்கமாக இருந்திருக்கிறது. ஒரு பையன் மூன்று மாதம் கழித்து வராந்தாவில் என்னைப் பார்த்ததும் வழியை மாற்றிக்கொண்டு போனான். புத்தகம் படிக்காத ஒரு பிள்ளை என்னைக் கண்டு ஒதுங்கிப் போகிற நிலைமையை நான்தான் உண்டாக்கினேன் என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அதனால் நீளம் சின்ன விஷயம் இல்லை. முதல் நாவலை முடித்தோம் என்கிற திருப்தி ஒருவருக்குக் கிடைக்க வேண்டும். பெரிய நாவல் அப்புறம் அவர்களே தேடி எடுத்துக்கொள்வார்கள், எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வாக்கியம். 1942இல் இந்த நாவல் வந்தபோது காம்யுவுக்கு 28 வயதுதான். பிரெஞ்சில் நாவலுக்கென்றே ஒரு இலக்கிய இறந்தகாலம் உண்டு, அதை விட்டுவிட்டு வாய்ப்பேச்சில் புழங்குகிற இறந்தகாலத்தில் கதையைச் சொன்னார். போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக நிற்கும். தமிழிலும் அந்த வெட்டு இருக்கிறது. அகராதி இல்லாமல் யாரும் படித்துவிடலாம். எல்லாச் சொல்லும் புரிகிறது, ஆனால் ஆள் புரியவில்லை. பிள்ளைகள் தடுமாறுகிற இடம் அதுதான், அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் நான் இந்த நாவலைச் சொல்கிறேன்.

ஜூன் 8, மறுபடி

கதை தெரியாதவர்களுக்கு. அல்ஜீரியா, பிரான்சின் ஆட்சியில் இருந்த காலம். மெர்சோ என்று ஒரு குமாஸ்தா. முதியோர் இல்லத்தில் இருந்த அம்மா இறந்துபோகிறாள், அவன் போகிறான், அழவில்லை. மறுநாள் கடலில் நீந்துகிறான், மாரி என்கிற பெண்ணோடு சிரிப்புப் படம் பார்க்கிறான். கொஞ்ச நாள் கழித்து கடற்கரையில் ஒரு அரபு ஆளைச் சுட்டுக் கொல்கிறான். வழக்கு நடக்கிறது. கொலையைப் பற்றிப் பேசியதைவிட அவன் அம்மாவின் இறுதிச் சடங்கில் அழாததைப் பற்றித்தான் நீதிமன்றம் அதிகம் பேசுகிறது. மரண தண்டனை.

அவ்வளவுதான் கதை, நான் எதையும் கெடுக்கவில்லை. இது முன்கூட்டிச் சொன்னால் கெட்டுப்போகிற நாவல் கிடையாது.

ஜூன் 11

"பிள்ளைகள் இணையத்தில் சுருக்கம் படித்துவிட்டு வந்துவிடுவார்களே, என்ன செய்வீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கத்தைத்தான் மேலே நானே கொடுத்துவிட்டேன், படித்துவிட்டே வரட்டும்.

நான் கேட்பது வேறு. முதல் பாகத்தில் சலமானோ என்று ஒரு கிழவர் வருவார், மெர்சோவின் அதே மாடியில் குடியிருப்பவர். சொறி பிடித்த ஒரு நாயை எட்டு வருஷமாக வைத்திருக்கிறார், தினமும் இரண்டு வேளை நடத்திக்கொண்டு போவார், போகிற வழியெல்லாம் திட்டுவார், அடிப்பார். ஒரு நாள் கூட்டத்தில் நாய் தொலைந்துபோகிறது. கிழவர் மெர்சோவின் கதவைத் தட்டி, நாய் திரும்பக் கிடைக்குமா, பிடித்துக்கொண்டு போனவர்கள் கொடுத்துவிடுவார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போகிறார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வினோதமான ஒரு சின்னச் சத்தம். கிழவர் அழுகிறார் என்று மெர்சோவுக்குப் புரிகிறது. ஏனோ அம்மாவின் ஞாபகம் வந்தது என்கிறான். ஆனால் மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், பசிக்கவில்லை, சாப்பிடாமலே படுத்துவிட்டேன் என்று முடித்துக்கொள்கிறான்.

நான் பார்த்த எந்தச் சுருக்கத்திலும் இந்த இடம் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அவன் ஏன் அன்று சாப்பிடவில்லை?

முதல் தடவை இதைக் கேட்டபோது ஒரு பெண் சட்டென்று சொன்னாள், "பசிக்கலைன்னு அவனே சொல்றானே சார்." அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொருத்தி திரும்பி, "துக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க" என்றாள். அதோடு நான் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒரு மணி நேரம். கல் நெஞ்சக்காரன் என்று முடிவு செய்துவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர் தடுமாறினார்கள், தடுமாறாதவர்கள் இன்னும் கோபமாக வாதாடினார்கள்.

ஜூன் 12

ஒரு சின்ன விஷயம், நடைமுறைக்காக. "அந்நியன்" என்று தேடச் சொன்னால் முதலில் 2005இல் வந்த படம்தான் வரும். ஒருவன் இரண்டு வாரம் அந்தப் படத்தின் கதையைத்தான் நாங்கள் படிக்கப்போகிறோம் என்று ஆவலோடு காத்திருந்தான், புத்தகத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது, ஆனால் கடைசி வரை வந்தவர்களில் அவனும் ஒருவன். ஆசிரியர் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 14

இன்று கொஞ்சம் சொந்த விஷயம். இதைச் சொல்லாமல் ஏன் இந்த நாவல் என்று சொல்வது அரைகுறையாகப் போய்விடும்.

என் அப்பா இறந்தபோது எனக்கு 22 வயது. நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது உண்மையில்லை, அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், யார் யாருக்குத் தகவல் போகவில்லை என்று நோட்டில் எழுதிச் சரிபார்த்தேன், அந்த நோட்டு இன்றைக்கும் இருக்கிறது, எழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. பெரியவர் ஒருவர் வாசலில் நின்று இன்னொருவரிடம், "பையனுக்குக் கண்ணில் ஒரு சொட்டு இல்லை பார்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பல வருஷம் எனக்கு என் மேலேயே ஒரு சந்தேகம். எனக்குள் ஏதோ ஒன்று இல்லையோ என்று.

அந்நியன் என் கைக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. வழக்கில் ஒரு இடம் வரும். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் நெருக்கமாக இருந்த பெரேஸ் என்கிற கிழவரைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். இவன் அழுததைப் பார்த்தீர்களா என்று அரசு வழக்கறிஞர் கேட்கிறார். இல்லை என்கிறார். உடனே மெர்சோவின் வழக்கறிஞர் எழுந்து, சரி, இவன் அழாமல் இருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். அதற்கும் இல்லை என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அந்தக் கிழவர் தன் துக்கத்தில் மூழ்கியிருந்தார், வேறு எதையும் அவர் கண் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார், பார்க்க முடியாத நிலையில் இருந்தவர்கள் யார் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு நான் அழுதேனா இல்லையா என்பதே தெரியாது. அது தெரிந்ததில் வந்த ஆறுதல் சொல்லி மாளாது.

ஜூன் 15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது, நானே அதில் விழுந்தவன்.

எனக்கு இந்த நாவல் ஆறுதல் தந்தது, அதனால் பல வருஷம் மெர்சோவை நான் நல்லவனாகவே படித்தேன். பொய் சொல்லாதவன், நடிக்காதவன், அதற்காகக் கொல்லப்பட்டவன். இதற்கு ஆதாரம் நாவலிலேயே இருக்கிறது. வழக்கு ஆரம்பிக்கும் முன்னால் அவனுடைய வழக்கறிஞர், அன்று உன் இயல்பான உணர்ச்சிகளை அடக்கிக்கொண்டாய் என்று நான் சொல்லலாமா என்று கேட்கிறார். கூடாது, அது பொய் என்கிறான். தலை தப்பிக்க ஒரு சின்னப் பொய் போதும், சொல்ல மாட்டேன் என்கிறான். (நான் மேலே எழுதினேன் இல்லையா, அடக்கிக்கொண்டேன் என்று பலரிடம் சொன்னதாக. அதே வாக்கியம்.) காம்யுவே 1955இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், இவன் விளையாட்டில் சேர மறுத்ததால் தண்டிக்கப்பட்டவன், பொய் சொல்ல மறுத்தவன் என்ற பொருளில் விளக்கம் தந்திருக்கிறார்.

ஆரம்பத்தில் நான் அந்த முன்னுரையின் கருத்தை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவேன். ஆசிரியரே சொன்னது, மாணவர்களுக்கென்றே சொன்னது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். அதைச் சொன்ன இரண்டு வருஷமும் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போனார்கள், பேசவில்லை. மூன்றாவது வருஷம் சொல்லாமல் விட்டேன்.

அந்த வருஷம்தான் இது நடந்தது. நாலாவது கூட்டம். வேதியியல் படிக்கிற ஒரு பையன், அதுவரை வாயே திறக்காதவன், "சார், இவன் உண்மையே பேசறவன்னா அந்த லெட்டர் என்ன?" என்றான்.

ஜூன் 15, இரவு

எந்த லெட்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். ரேமோன் என்று மெர்சோவின் அண்டை வீட்டுக்காரன். தன்னோடு பழகிய பெண் தன்னை ஏமாற்றுகிறாள் என்று அவனுக்குக் கோபம். அவளைத் திரும்ப வரவழைத்து அவமானப்படுத்த ஒரு கடிதம் எழுத வேண்டும், எழுதித் தருகிறாயா என்று மெர்சோவைக் கேட்கிறான். மெர்சோ எழுதித் தருகிறான். ரேமோனைத் திருப்திப்படுத்தாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை என்பதால். அவள் வருகிறாள், ரேமோன் அடிக்கிறான், அலறல் கேட்டு எல்லாரும் வாசலுக்கு வருகிறார்கள், போலீஸைக் கூப்பிடு என்கிறாள் மாரி. எனக்குப் போலீஸைப் பிடிக்காது என்கிறான் மெர்சோ. பிற்பாடு காவல் நிலையத்துக்குப் போய் அந்தப் பெண் ரேமோனை ஏமாற்றினாள் என்று சாட்சியும் சொல்லிவிட்டு வருகிறான். அவளை அவனுக்குத் தெரியவே தெரியாது.

நான் இந்த நாவலை அப்போது ஏழெட்டுத் தடவை படித்திருப்பேன். இதெல்லாம் கண்ணில் பட்டதுதான், ஆனால் தாண்டிப் போயிருக்கிறேன். அம்மா, அழுகை, வழக்கு என்று எனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். அந்தப் பையன் விடவில்லை. "தன்னைப் பத்திப் பொய் சொல்ல மாட்டான், அடுத்தவங்களைப் பத்தி எது வேணா சொல்வான்" என்றான்.

ஜூன் 18

இன்னொன்று, அதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. அதே வருஷம், கடைசிக்கு முந்தின கூட்டம், ஒரு மாணவி நோட்டில் இரண்டு பத்தி பிரித்துப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இடது பக்கம் மெர்சோ, மாரி, ரேமோன், சலமானோ, பெரேஸ் என்று நீண்ட வரிசை. வலது பக்கம் காலி. மேலே மட்டும் "அரபுக்காரர்கள்" என்று தலைப்பு.

செத்துப்போனவனுக்குப் பெயரே இல்லை.

அவள் இன்னொரு இடத்தையும் காட்டினாள், அதைப் பார்த்த பிறகு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கடிதம் எழுத உட்காரும்போது ரேமோன் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்கிறான். பெயரைக் கேட்டதும்தான் அவள் மூர் இனத்துப் பெண், அதாவது அரபுப் பெண் என்று மெர்சோவுக்குத் தெரிகிறது. அந்தப் பெயர் நமக்குச் சொல்லப்படவில்லை. அறையில் இரண்டு பேருக்குத் தெரிகிறது, படிக்கிற நமக்குக் கிடையாது. "பேர் இல்லாம இல்ல சார், இருக்கு, நமக்குத் தரலை" என்றாள்.

வழக்கிலும் அப்படித்தான். செத்தவனின் வீட்டார் யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை. காபி கொடுத்த காவலாளி வருகிறார், முதியோர் இல்லத்து இயக்குநர் வருகிறார், சவப்பெட்டி பக்கத்தில் சிகரெட் பிடித்ததைப் பற்றி விசாரணை நடக்கிறது. முதல் குண்டுக்கும் அடுத்த நாலு குண்டுக்கும் நடுவே ஏன் நிறுத்தினாய் என்று விசாரணை நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்கிறார், அவனிடம் பதில் இல்லை. யாரைச் சுட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்து அல்ஜீரியாவில் ஒரு ஐரோப்பியன் ஒரு அரபு ஆளைக் கொன்றதற்கு மரண தண்டனை வரை போயிருக்குமா என்பதே சந்தேகம் என்று விமர்சகர்களும் எழுதியிருக்கிறார்கள்.

2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் இதற்கு ஒரு பதில் நாவலே எழுதினார். கொல்லப்பட்டவனின் தம்பி பேசுகிறான், அண்ணனுக்கு மூசா என்று பெயர் வைத்து. நான் அதைப் பற்றி முன்னாடியே கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அந்த மாணவி கேள்விப்பட்டதில்லை. நோட்டில் கோடு போட்டே அவள் அங்கே வந்து சேர்ந்தாள்.

ஜூன் 18, கொஞ்சம் கழித்து

"அப்படியென்றால் இது தவறான நாவல் ஆயிற்றே, ஏன் பரிந்துரைக்கிறீர்கள்" என்ற கேள்வி நியாயமானது. இதற்கு நான் மூன்று வருஷமாக இரண்டு விதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். பெயர் தராதது காம்யுவின் குருட்டுத்தனம் என்று சில நாள். மெர்சோவின் குருட்டுத்தனத்தைக் காம்யு காட்டுகிறார் என்று சில நாள். அந்தப் பெண்ணின் பெயர் வருகிற, ஆனால் வராத, அந்த ஒரு வரிதான் என்னை இரண்டாவது பக்கம் இழுக்கிறது. அடுத்த தடவை படித்தால் மறுபடியும் முதல் பக்கம் போவேன் போலிருக்கிறது.

எனக்குப் பதில் தெரிந்த நாவலைக் கொடுத்தபோதெல்லாம் கூட்டம் வகுப்பாக மாறியது. நான் கேட்பேன், அவர்கள் என் முகத்தைப் பார்த்து எந்தப் பதில் சரி என்று ஊகிப்பார்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை, பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் பழக்கியிருக்கிறோம். இந்த நாவலில் என் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று அவர்களுக்கு நாலாவது வாரமே தெரிந்துவிடுகிறது.

ஜூன் 21

"அந்த நாவல் என்ன மெசேஜ் சொல்கிறது?" இந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள், கேட்க விடாதீர்கள். அதைவிட, உங்களுக்குப் புரியாத ஒரு வரியை அடிக்கோடிட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 22

தமிழ் நாவல் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று கோபமாக ஒருவர். கோபம் சரிதான், எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்று கேட்டதால் ஒன்று சொன்னேன். இரண்டாவதற்கு இடம் கொடுத்தால் பூமணியின் வெக்கை, 1982. இரண்டையும் அடுத்தடுத்து ஒரு தடவை படித்தோம், வருஷத்திலேயே நல்ல கூட்டங்கள் அவை.

அதுவும் கொலையில்தான் ஆரம்பிக்கிறது. சிதம்பரம் என்கிற 15 வயதுப் பையன், அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் நினைக்கிறான், ஆளே போய்விடுகிறது. அப்பாவும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். ஏன் கொன்றான் என்று படிப்பவருக்கு நன்றாகத் தெரியும். மெர்சோவிடம் நீதிபதி கேட்கும்போது வெயிலால்தான் என்கிறான், நீதிமன்றமே சிரிக்கிறது. இங்கே வெயில் புத்தகத்தின் பெயரிலேயே இருக்கிறது. இந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை, செய்தவர்கள் அவர்கள். வெக்கையில் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, உறவுமுறை இருக்கிறது, இன்னார் மகன் இன்னார் என்று இருக்கிறது, அங்கே ஒன்றுமே இல்லையே என்று ஒருவன் சொன்னதும் அறையே அமைதியானது.

2019இல் அசுரன் படம் பார்த்தவர்கள் நாவல் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். படத்தில் வருகிற அப்பாவின் இளமைக்கால நீண்ட பகுதி நாவலில் இல்லை. அதைச் சொல்லாமல் விடுங்கள், அவர்களே தேடித் தேடிக் களைத்துக் கேட்பார்கள்.

அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோட்டையும் சொல்லியிருக்கிறார்கள். 1977. கதாநாயகன் சந்திரசேகரனே கல்லூரி மாணவன்தான், 1948இல் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த கலவரக் காலம், சுற்றிலும் எல்லாம் இடிந்துகொண்டிருக்க அவன் கிரிக்கெட்டையும் படிப்பையும் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பான். கடைசிப் பக்கங்களை நான் இரண்டு தடவைக்கு மேல் சத்தமாகப் படித்ததில்லை, முடியவில்லை. அந்த நாவல் இரண்டாம் வருஷத்துக்கு. முதலில் கொடுத்தபோது "ஒன்றும் நடக்கவில்லையே" என்றார்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று நாவல் படித்தவர்களிடம் கொடுத்தபோது அந்த வார்த்தை வரவில்லை.

ஜூன் 25

ஒரு திருத்தம், இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 8 அன்று "முன்கூட்டிச் சொன்னால் கெட்டுப்போகாது" என்றேன். முன்கூட்டிச் சொல்லியே ஆக வேண்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாவது வருஷம் என்று நினைக்கிறேன், முதல் கூட்டத்தில் முதல் அத்தியாயத்தை நானே சத்தமாகப் படித்தேன். கதை எதையும் சொல்லவில்லை, புத்தகமே பேசட்டும் என்று. சவப்பெட்டியின் மூடியைத் திறந்து காட்டட்டுமா என்று காவலாளி கேட்பார், வேண்டாம் என்பான் மெர்சோ. அந்த இடம் வந்தபோது ஒரு மாணவி எழுந்து வெளியே போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் தொடர்ந்து படித்தேன். அவள் திரும்பி வரவில்லை. அவளுடைய அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை என்று கூட்டம் முடிந்த பிறகு தோழி சொன்னாள்.

மறுநாள் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைத் தேற்றுகிற மாதிரி, "பரவால்ல சார், நானும் பார்க்கலை" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. அவள் அந்த வருஷம் வட்டத்துக்கு வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை.

அதிலிருந்து நாவல் எதைப் பற்றியது என்று முதல் வாரத்துக்கு முந்தின வாரமே சொல்லிவிடுகிறேன். ஒரு மரணம் இருக்கிறது, ஒரு பெண்ணை அடிக்கிற இடம் இருக்கிறது, ஒரு கொலை இருக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கலாம், இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம். யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 26

இல்லை, அதனால் இந்த நாவலையே விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு வருஷம் கழித்து, கல்லூரி முடித்துப் போகிற நேரத்தில், நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். படித்தாளா என்று தெரியாது.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் புத்தகம் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார், பதினைந்து பேருக்கு ஆறு பிரதி. போதும். இரண்டு மூன்று பேர் ஒரு பிரதியைப் பகிர்ந்துகொண்டால் கூட்டத்துக்கு வெளியேயும் பேசுவார்கள். முதல் வாரம் ஒரு அத்தியாயத்துக்கு மேல் போக வேண்டாம், ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கட்டும். எங்கள் புதுக் கூட்டமும் போன சனிக்கிழமை ஆரம்பித்தது, பதினாலு பேர், அதே நாவல். ஒன்பதாவது தடவை.

சவ ஊர்வலம் கிளம்பி வெயிலில் போகும்போது, கூட வருகிற ஆள் ஒருவர் மெர்சோவிடம், உங்கள் அம்மாவுக்கு வயதாகிவிட்டதா என்று பேச்சுக்குக் கேட்பார். மெர்சோ ஏதோ மழுப்பலாகச் சொல்வான், சரியான வயது அவனுக்குத் தெரியாது. அரசு வழக்கறிஞர்கள் இல்லாத எங்கள் அறையில் அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான். நிமிர்ந்து பார்த்து, "இருங்க, எங்கம்மாவுக்கு என்ன வயசு?" என்றான், தன்னைத்தானே கேட்பது போல.

பக்கத்தில் இருந்தவன் நாற்பத்தாறு என்று ஆரம்பித்து நாற்பத்தெட்டில் நிறுத்தினான். ஒருத்தி விரல் விட்டு எண்ணினாள், அக்கா பிறந்த வருஷத்திலிருந்து பின்னால் போய். பதினாலு பேரில் ஐந்து பேருக்குத்தான் பிறந்த வருஷம் சரியாகத் தெரிந்தது. இரண்டு பேர் வெளியே போய் வீட்டுக்கு போன் செய்தார்கள், ஒருவன் திரும்பி வந்து, "எதுக்குடா கேக்கறன்னு பயந்துட்டாங்க" என்றான்.

அன்றைக்கு ஊர்வலம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் அங்கிருந்து படிக்க வேண்டும்.